குஷிட்டிக் மொழிகளும் அவற்றைப் பேசும் மக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எத்தியோப்பியா, சோமாலியா, சூடான் பற்றிய செய்திகளில் ஓரோமோ, அஃபார், சிடாமா, பெஜா என்ற பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. இம்மக்கள் யார், இவர்களுடைய மொழிகளுக்குள் என்ன உறவு என்பதைத் தமிழில் விளக்கும் எழுத்துகள் மிகக் குறைவு. இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளையும் அவற்றுக்கான விடைகளையும் இங்கே ஓரிடத்தில் தந்திருக்கிறேன்.

குஷிட்டிக் மொழிகள் என்பவை எவை?

எகிப்தின் தென்கிழக்கு மூலையில் தொடங்கி, சூடானின் செங்கடல் மலைகள், எரித்திரியா, ஜிபூட்டி, எத்தியோப்பியா, சோமாலியா, கென்யா வழியாகத் தான்சானியாவின் வட பகுதி வரை நீளும் நிலத்தில் வழங்குகின்ற, ஒன்றுக்கொன்று உறவுடைய முப்பது நாற்பது மொழிகளுக்குக் குஷிட்டிக் மொழிகள் என்று பெயர். ஆப்பிரிக்க-ஆசிய மொழிக் குடும்பம் என்னும் பெருங்குடும்பத்தில் இவை ஒரு கிளை. அரபு, எபிரேயம், அம்ஹாரிக் ஆகியவற்றைக் கொண்ட செமிட்டிக் கிளையும், பழைய எகிப்திய மொழியும், வட ஆப்பிரிக்காவின் பெர்பெர் மொழிகளும், ஹௌசாவை உள்ளடக்கிய சாடிக் கிளையும் இதே குடும்பத்தின் பிற உறுப்பினர்கள்.

பேசுவோர் தொகையில் இம்மொழிகளுக்குள் பெரும் ஏற்றத்தாழ்வு உண்டு. எத்தியோப்பியாவின் 2007 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 7.4 கோடிப் பேரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர், அதாவது சுமார் இரண்டரைக் கோடிப் பேர், ஓரோமோ மக்கள். சோமாலி மொழி நான்கு நாடுகளில் பரவியிருக்கிறது. மறுமுனையில், கென்யக் கடற்கரையில் சில நூறு பேர் மட்டுமே பேசும் டஹாலோ இருக்கிறது.

இம்மொழிகளைப் படிக்கத் தொடங்குபவர் முதலில் கற்கும் சொற்களில் ஒன்று ‘அஃப்’. சோமாலியிலும் அஃபாரிலும் அதற்கு ‘வாய்’ என்று பொருள். ‘மொழி’ என்றும் பொருள். சோமாலி மொழியின் பெயர் ‘அஃப் ஸோமாலி’. ஓரோமோ மொழியின் பெயர் ‘அஃபான் ஓரோமோ’. சிடாமா மக்கள் தம் மொழியைச் ‘சிடாமு அஃபோ’ என்கிறார்கள். தெற்கே தான்சானியாவில் வழங்கும் இராக்வ் மொழியில் வாய் ‘அஃபா’. வடக்கே செங்கடலோரப் பெஜாவில் ‘யஃப்’. ஒரே சொல் அந்த நிலப்பரப்பின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நின்று நிலைத்திருக்கிறது.

‘குஷ்’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது? பழைய குஷ் அரசின் மொழி இதுதானா?

விவிலியத்தின் ஆதியாகமத்தில் நோவாவின் மகன் காம். காமின் மகன் கூஷ். எகிப்துக்குத் தெற்கே உள்ள நாடுகளைக் குறிக்க அந்தப் பெயர் வழங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய மொழியியலாளர்கள் அதையே இந்த மொழித் தொகுதிக்குச் சூட்டினார்கள். இம்மக்களில் எவரும் தம்மைக் குஷியர் என்று பழங்காலத்திலிருந்து அழைத்துக்கொண்டதில்லை.

கெர்மா, நபாட்டா, மெரோவே ஆகிய தலைநகரங்களிலிருந்து ஆண்ட, எகிப்தின் 25-ஆம் அரச மரபையும் தந்த குஷ் அரசு சூடானின் நைல் கரையில் இருந்தது. அதன் பிற்கால மொழியான மெரோயிட்டிக்கின் எழுத்துகளை 1911-இல் கிரிஃபித் என்ற ஆய்வாளர் படித்துக்காட்டினார். சொற்களின் பொருள் இன்னும் பெரும்பாலும் தெளியவில்லை. தெரிந்த அளவில், அது நைல்-சகாரா மொழிகளோடு உறவுடையது என்பதே இன்று வலுவாக நிற்கும் கருத்து. ஆகவே குஷ் அரசின் கற்பலகைகளைக் காட்டி ‘இவை குஷிட்டிக் மொழி’ என்று எழுதுவது பெயரொற்றுமையால் வரும் பிழை.

இம்மொழிகளை எப்படி வகைப்படுத்துகிறார்கள்?

வழக்கமாக நான்கு கிளைகள் சொல்லப்படும். வட கிளையில் பெஜா ஒன்றே நிற்கிறது. நடுக்கிளை அகவ் மொழிகள்: எரித்திரியாவின் கெரன் நகரைச் சுற்றியுள்ள பிளின், எத்தியோப்பியாவின் அவ்ங்கி, ஹம்தங்கா, கிமந்த். லாலிபெலாவின் பாறைக் கோயில்களோடு பெயர் இணைந்திருக்கும் ஸாக்வே அரச மரபினர் அகவ் மக்களே. கிழக்குக் கிளைதான் மிகப் பெரியது. ஓரோமோ, சோமாலி, அஃபார், சாஹோ, ரெண்டில்லே, கொன்சோ, மலைநாட்டுச் சிடாமா, ஹதியா, கம்பாட்டா, கெடியோ எல்லாம் அதற்குள் அடங்கும். தென் கிளையில் இராக்வும் அதன் அண்டை மொழிகளும் தான்சானியாவில் உள்ளன.

இந்தப் பிரிவில் எல்லாரும் ஒத்துப்போவதில்லை. பெஜா மற்றவற்றிலிருந்து மிகவும் விலகி நிற்பதால் அதைத் தனிக் குடும்பமாகவே வைக்க வேண்டும் என்பாரும், தென்கிளை உண்மையில் கிழக்குக் கிளையின் ஒரு கொம்பே என்பாரும் உண்டு. தென்மேற்கு எத்தியோப்பியாவின் ஓமோ ஆற்றுப் பகுதி மொழிகள் முன்பு ‘மேற்குக் குஷிட்டிக்’ எனப்பட்டன. 1969-இல் மொழியியலாளர் ஹெரால்ட் ஃபிளெமிங் அவற்றை ஓமோட்டிக் என்று தனியே பிரித்தார். இன்றைய நூல்கள் பெரும்பாலும் அப்பிரிவையே பின்பற்றுகின்றன.

இவை ஒரே குடும்பம் என்பதற்கு என்ன சான்று?

எண்ணுப்பெயர்களிலிருந்து தொடங்கலாம். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்பதை ஓரோமோவில் ‘லம, ஸதீ, அஃபுர், ஷன்’ என்பார்கள்; சோமாலியில் ‘லப, ஸத்தெஹ், அஃபர், ஷன்’. ஏழு, எட்டு, ஒன்பது என்பவை ஓரோமோவில் ‘தொர்ப, ஸத்தேத், ஸகல்’. சோமாலியில் ‘தொத்தொப, ஸித்தேத், ஸகால்’. ஆனால் எண்ணுப்பெயர்களைக் கடன் வாங்கவும் முடியும். அவற்றை மட்டும் வைத்து உறவை நிறுவ முடியாது.

வினைச்சொற்களுக்குள் கிடக்கும் சான்று இன்னும் உறுதியானது. சோமாலியில் பெரும்பாலான வினைகள், தமிழில் உள்ளதுபோலவே, இறுதியில் விகுதி ஏற்று எண்ணையும் இடத்தையும் காட்டும். ஆனால் வருதல், சொல்லுதல், அறிதல், ஓரிடத்தில் இருத்தல், ஆதல் என்ற ஐந்து வினைகள் மட்டும் முன்னால் மாறும். ‘யிமித்’ என்றால் அவன் வந்தான். ‘திமித்’ அவள் வந்தாள். ‘இமித்’ நான் வந்தேன். ‘நிமித்’ நாங்கள் வந்தோம். அரபு மொழியில் எழுதுதலைச் சொல்லும் ‘யக்துபு, தக்துபு, அக்துபு, நக்துபு’ என்ற வரிசையை இதன் அருகே வைத்துப் பாருங்கள். அவனுக்கு ய, அவளுக்கு த, நமக்கு ந. அரபுச் சொற்கள் சோமாலியில் ஏராளமாகப் புகுந்திருக்கின்றன என்பது உண்மை. ஆனால் மிகப் பழைய, அன்றாடம் புழங்கும் வினைகளின் உள்ளமைப்பை எந்த மொழியும் அண்டை மொழியிடம் இப்படி வாங்குவதில்லை. அஃபாரிலும் பெஜாவிலும் இவ்வாறு முன்னால் மாறும் வினைகள் ஐந்தல்ல, மிகப் பல. பழைய முறை அங்கே உயிரோடு இருக்கிறது; சோமாலியில் ஐந்து சொற்களில் எஞ்சியிருக்கிறது. குடும்பம் முழுவதற்கும் பொதுவான ஒரு பழைய அமைப்பு ஓரிடத்தில் தேய்ந்தும் ஓரிடத்தில் தங்கியும் நிற்பதை வேறெந்தச் சான்றும் இவ்வளவு துலக்கமாகக் காட்டுவதில்லை.

தமிழ் அறிந்தவருக்கு இம்மொழிகளின் இலக்கணத்தில் எது பழக்கமானது, எது புதியது?

வினை இறுதியில் வருவது பழக்கமானது. ஓரோமோவில் ‘தோலான் மன இஜாரே’ என்றால், சொல்லுக்குச் சொல், ‘தோலா வீடு கட்டினான்’. ஆனால் அந்தச் சிறு தொடரிலேயே ஒரு புதுமையும் உள்ளது. தமிழில் எழுவாய்க்கு உருபு கிடையாது. செயப்படுபொருளே ‘ஐ’ ஏற்கும். ஓரோமோவில் இது தலைகீழ். ‘மன’ (வீடு) என்ற செயப்படுபொருள் உருபின்றி நிற்க, ‘தோலா’ என்ற பெயர் எழுவாயாகும்போது ‘தோலான்’ ஆகிறது.

சோமாலியில் ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற வேறுபாடு அப்படியே உண்டு: கேட்பவரையும் சேர்த்தால் ‘இன்னக’, சேர்க்காவிட்டால் ‘அன்னக’. ‘அலிதான் வந்தான்’ என்று நாம் ‘தான்’ போட்டு அழுத்துவதைச் சோமாலி ‘அலி பா யிமித்’ என்று ‘பா’ போட்டுச் சொல்லும். வேறுபாடு என்னவென்றால், தமிழில் ‘தான்’ வேண்டியபோது வரும். சோமாலியிலோ ஏறக்குறைய ஒவ்வொரு செய்தி வாக்கியத்திலும் எங்கே அழுத்தம் என்பதைக் காட்டும் சொல் ஒன்று இருந்தாக வேண்டும்.

பால் பாகுபாடு முற்றிலும் புதிது. உயிரற்றவையும் ஆண்பால் அல்லது பெண்பால் ஆகும். சோமாலியில் ஆண்பாலுக்குக் ககரமும் பெண்பாலுக்குத் தகரமும் அடையாளம். ‘இனன்க’ என்றால் அந்தப் பையன். ‘இனன்த’ அந்தப் பெண். இதிலும் வியப்பானது, பன்மையில் பல சொற்களின் பால் மாறிவிடுவது. ‘நாக்த’ (அந்தப் பெண்மணி) பெண்பால் அடையாளம் பெறும். ‘நாகஹ’ (அந்தப் பெண்கள்) என்னும்போது ஆண்பால் அடையாளம் வந்து உட்காரும்.

தமிழுக்கும் குஷிட்டிக் மொழிகளுக்கும் உறவு உண்டா?

மொழிக் குடும்ப உறவு என்ற பொருளில், நிறுவப்பட்ட உறவு எதுவும் இல்லை. மேலே சொன்ன ஒப்புமைகள் உலகில் பல மொழிகளில் தனித்தனியே தோன்றக்கூடியவை. வினை இறுதியில் வரும் மொழிகள் ஜப்பான் முதல் துருக்கி வரை உள்ளன. ஓரிரு சொற்களின் ஓசை ஒப்புமையைக் கொண்டு இரு மொழிகளையும் ஒரே தாயின் மக்களாக்குவது மேலே ‘யிமித், திமித்’ வரிசையில் கண்ட வகையான சான்றுக்கு ஈடாகாது. செனகல் நாட்டின் அதிபராக இருந்த கவிஞர் செங்கோரின் ஆர்வத்தால் 1970-களில் டக்கார் பல்கலைக்கழகத்தில் திராவிட-ஆப்பிரிக்க ஒப்பாய்வு நடந்தது, தமிழறிஞர் க. ப. அறவாணன் அங்கே பணியாற்றினார் என்பது வரலாறு. ஆனால் செனகலின் வொலோஃப் குஷிட்டிக் மொழி அன்று, அது வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது.

உண்மையான தொடர்பு வாணிகத்தில் இருக்கிறது. எகிப்தின் செங்கடல் துறைமுகங்களான குசைர் அல்-கதீமிலும் பெரெனிக்கேயிலும் தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. முன்னதில் ‘கணன்’, ‘சாதன்’ என்ற பெயர்களும், பின்னதில் ‘கொறபூமான்’ என்ற பெயரும் உள்ளன. பெரெனிக்கேயின் கோயில் ஒன்றில், இந்தியச் சாடி ஒன்றுக்குள் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. அத்துறைமுகத்துக்குப் பின்னால் எழும் மலைகளில் வாழ்ந்தவர்களை எகிப்தியர் மெட்ஜாய் என்றும் பின்னாளில் கிரேக்கரும் உரோமரும் பிளெம்மியர் என்றும் குறித்தார்கள். இன்றைய பெஜா மக்களின் முன்னோரை அவர்களிடையேதான் ஆய்வாளர்கள் காண்கிறார்கள். உரோமப் பேரரசின் பிற்காலத்தில் அந்தத் துறைமுகமே பிளெம்மியர் கைக்கு வந்தது. தமிழ் வணிகர் ஒருவர் இறங்கிய கரையில் குஷிட்டிக் மொழியொன்றின் ஓசை அவர் காதில் விழுந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஓரோமோ மொழி இவ்வளவு பெரியதாக இருந்தும் அண்மைக்காலம் வரை எழுத்தில் அதிகம் வராதது ஏன்?

எழுதவிடவில்லை என்பதே நேரான விடை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் இரண்டாம் மெனெலிக்கின் படைகள் ஓரோமோ நிலங்களை எத்தியோப்பியப் பேரரசுக்குள் கொண்டுவந்தன. இருபதாம் நூற்றாண்டில் பேரரசர் ஹைலி செலாசியின் ஆட்சியில் பள்ளி, நீதிமன்றம், அரசு அலுவலகம் மூன்றிலும் அம்ஹாரிக் மட்டுமே செல்லுபடியானது. தன் ஊர் நீதிமன்றத்தில், தன் நிலத்தைப் பற்றிய வழக்கில், மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வழியாகப் பேச வேண்டிய நிலையில் ஓரோமோ உழவர் நின்றார்.

இதற்கு முன்பே ஓரோமோவை எழுத்தில் நிறுத்தியவர்கள் இருவர். ஒருவர் ஏறத்தாழ 1856-இல் பிறந்த ஒனெசிமோஸ் நெசிப். பெற்றோர் இட்ட பெயர் ஹீகா, ‘பொருளை அவிழ்த்துச் சொல்பவர்’. சிறுவயதில் அடிமையாகப் பிடித்து விற்கப்பட்டு, மசாவா துறைமுகத்தில் விடுவிக்கப்பட்டு, சுவீடன் நாட்டு மறைபணியாளர்களிடம் கல்வி பெற்றார். மற்றவர் அஸ்தேர் கன்னோ என்ற பெண். இவரும் அடிமையாகக் கப்பலேற்றப்பட்டு விடுவிக்கப்பட்டவர். ஓரோமோ நாட்டிலிருந்து வெகு தொலைவில் வளர்ந்த இவர் நினைவிலிருந்தே நூற்றுக்கணக்கான பாடல்களையும் கதைகளையும் பழமொழிகளையும் சொற்களையும் எழுதிவைத்தார். 1894-இல் ஒரு வாசிப்பு நூலும் 1899-இல் விவிலியம் முழுவதும் ஓரோமோவில் வந்தன. மொழிபெயர்ப்புக்கு ஒனெசிமோஸின் பெயரே முன்னால் நிற்கிறது. அதற்கு வேண்டிய சொற்களில் பெரும்பகுதியைத் தந்த அஸ்தேர் கன்னோவை நாம் இன்னும் உரக்க நினைவுகூர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்நூல்கள் அம்ஹாரிக்குக்கு உரிய கீஸ் எழுத்தில் அச்சாயின. அந்த எழுத்து ஓரோமோவுக்கு ஏன் போதவில்லை என்பதைத் தமிழர் எளிதாகப் புரிந்துகொள்ளலாம். ஓரோமோவில் ஐந்து குறில், ஐந்து நெடில். ‘லஃப’ என்றால் நிலம். ‘லாஃபா’ என்றால் மென்மையானது. ஒற்று இரட்டித்தாலும் பொருள் மாறும்: ‘பதா’ கெட்டது, தகரத்தை அழுத்தி ‘பத்தா’ என்றால் மலைநாடு. படத்தையும் பாடத்தையும், பதியையும் பத்தியையும் ஒரே மாதிரி எழுதும் முறை ஒன்றைத் தமிழுக்குக் கொடுத்தால் நாம் எப்படித் திணறுவோமோ அப்படிப்பட்ட திணறல் அது. கீஸ் எழுத்தில் ஏழு உயிர் வரிசைகளே உள்ளன. இரட்டிப்பைக் காட்டும் வழக்கம் இல்லை. ஷேக் பக்ரி சபாலோ என்ற அறிஞர் 1956-இல் ஓரோமோவுக்கென்றே புதிய எழுத்து ஒன்றை உருவாக்கினார்; அது பரவ அரசு இடம் தரவில்லை.

1991-இல் ஆட்சி மாறியபோது, நவம்பர் 3 அன்று அடிஸ் அபாபாவில் கூடிய ஓரோமோ அறிஞர்கள் இலத்தீன் எழுத்தையே ‘குபே’ என்ற பெயரில் ஏற்றார்கள். நெடிலுக்கு உயிரெழுத்தை இரண்டு முறை எழுதுவது, இரட்டிப்புக்கு மெய்யை இரண்டு முறை எழுதுவது என்ற எளிய விதிகளால் பள்ளிப் புத்தகங்கள் விரைவில் எழுந்தன. 2020-இல் ஓரோமோ, சோமாலி, அஃபார், திக்ரின்யா ஆகிய நான்கையும் அம்ஹாரிக்கோடு கூட்டாட்சியின் பணிமொழிகளாக்கும் கொள்கையை எத்தியோப்பிய அமைச்சரவை ஏற்றது. இவற்றில் மூன்று குஷிட்டிக் மொழிகள்.

சோமாலி மொழிக்கு எழுத்து எப்போது வந்தது?

முயற்சிகள் பழையவை. உஸ்மான் யூசுஃப் கெனாதித் 1920-களின் தொடக்கத்தில் உஸ்மானியா எழுத்தை அமைத்தார். அரபு எழுத்திலும் சோமாலியை எழுதியவர்கள் உண்டு. 1960-இல் விடுதலை பெற்ற பின்னும் எந்த எழுத்து என்ற வாதம் பன்னிரண்டு ஆண்டுகள் ஓயவில்லை. இலத்தீனை எதிர்த்தவர்கள் ‘லாதீன் வா லா தீன்’ என்று முழங்கினார்கள்: இலத்தீன் என்றால் தீன் இல்லாதது, சமயமற்றது என்று. 1972 அக்டோபர் 21 அன்று இராணுவ அரசு இலத்தீனை அறிவித்து முடிவுகட்டியது. 1974-இல் மேல்வகுப்புப் பள்ளிகளை மூடி, மாணவர்களையும் ஆசிரியர்களையும் மேய்ச்சல் நிலங்களுக்கு அனுப்பி எழுத்தறிவு இயக்கம் நடத்தினார்கள். அதே காலத்தில் ‘தபடேர்’ (நீண்ட வால்) என்று மக்கள் பெயரிட்ட கொடிய வறட்சி வந்ததால், அகரம் கற்பிக்கப் போனவர்கள் பலர் கஞ்சி ஊற்றும் முகாம்களில் பணிபுரிய நேர்ந்தது. அந்த அரசின் கொடுமைகள் பல. ஆயினும் எழுத்தைத் தந்த அந்த முடிவைச் சோமாலிகள் இன்றும் மதிக்கிறார்கள்.

எழுத்தில்லாமல் சோமாலிக் கவிதை எப்படி இவ்வளவு வளர்ந்தது?

மோனையாலும் நினைவாற்றலாலும். தமிழ்ச் செய்யுளில் மோனை அடிக்கு அடி மாறலாம். ஓரடியின் முதற்சீரும் மூன்றாம் சீரும் ஓரெழுத்தில் தொடங்கினால் செவி நிறைகிறது. சோமாலியின் பெருங்கவிதை வகையான ‘கபய்’ அதைவிடக் கடுமையானது. ஒவ்வோர் அடியும் இரு பாதி. ஒவ்வொரு பாதியிலும் ஒரு சொல் மோனை எழுத்தில் தொடங்க வேண்டும். அந்த எழுத்து கவிதை முழுவதும் மாறக் கூடாது. நூறடிப் பாட்டு தகரத்தில் தொடங்கினால், இருநூறு தகரச் சொற்கள் வேண்டும். உயிரெழுத்துகள் மட்டும் தமக்குள் எதுவும் எதனோடும் மோனையாகலாம். இந்தக் கட்டுப்பாட்டால் சொல்வளம் பெருகியது. வழக்கொழிந்த சொற்களும் கவிதையில் தங்கிவிட்டன.

கேட்டவர் மனப்பாடம் செய்து ஊர் ஊராகச் சொன்னார்கள். சொல்லும்போது கவிஞரின் பெயரை முதலில் சொல்ல வேண்டும். சொல்லை மாற்றக் கூடாது. ஒருவர் பாட்டுக்கு மற்றவர் அதே மோனையில் மறுமொழி பாட, அது சங்கிலியாக நீளும். 1979-இல் தொடங்கி, குல அரசியலைப் பற்றிப் பல கவிஞர்கள் பங்கேற்ற அப்படிப்பட்ட ஒரு சங்கிலி ஒலிநாடாக்களில் நாடெங்கும் பரவியது. தகர மோனையில் அமைந்ததால் அதற்குத் ‘தேல்லே’ என்று பெயர். அதைத் தொடங்கிய காரியே என்ற கவிஞர்தான் 1976-இல் சோமாலி யாப்பின் அடிப்படையையும் வெளிப்படுத்தியவர்களில் ஒருவர்: குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்ற கணக்கு. கவிஞர்கள் நூற்றாண்டுகளாகச் செவியால் காத்த விதி அப்போதுதான் எழுத்தில் வந்தது. பெண்களுக்கென்று ‘புரான்புர்’ என்ற தனி யாப்பு உண்டு.

கடா என்பது என்ன?

ஓரோமோ மக்களின் ஆட்சிமுறை. ஆண்கள் எட்டெட்டு ஆண்டுப் படிகளாக வாழ்க்கையைக் கடந்து, தம் வகுப்பின் முறை வரும்போது எட்டு ஆண்டுகள் மட்டும் தலைமை ஏற்பார்கள். ஐந்து வகுப்புகள் சுழல்வதால் ஒரு வகுப்புக்கு மீண்டும் முறை வர நாற்பது ஆண்டுகள் ஆகும். தலைவருக்கு ‘அப்பா கடா’ என்று பெயர். ஓரோமோவிலும் ‘அப்பா’ என்றால் தந்தைதான். கூட்டங்கள் ‘ஓடா’ எனப்படும் பெரிய அத்தி மர நிழலில் நடக்கும். தென் எத்தியோப்பியாவின் போரனா ஓரோமோக்கள் எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ‘கூமி காயோ’ என்ற பேரவையில் கூடிச் சட்டங்களை ஆராய்ந்து திருத்துகிறார்கள். 2016-இல் யுனெஸ்கோ இம்முறையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பெண்களுக்குக் கடாவில் பதவி இல்லை என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் திருமணத்தின்போது தாய் மகளுக்குத் தரும் ‘சீன்கே’ என்ற மெல்லிய கோல் அவர்களுக்கு வேறொரு வலிமை தருகிறது. அடிபட்ட பெண் தன் கோலோடு வெளியே வந்து குரலெழுப்பினால் ஊர்ப் பெண்கள் தத்தம் கோல்களோடு திரண்டுவிடுவார்கள். சண்டையிடும் இரு கூட்டத்தின் நடுவே சீன்கே ஏந்திய பெண்கள் நின்றால் ஆயுதம் தாழ வேண்டும்.

இவர்கள் எல்லாரும் ஒட்டகம் மேய்ப்பவர்களா?

இல்லை. சோமாலிகள், அஃபார், ரெண்டில்லே, பெஜா ஆகியோரிடம் ஒட்டகம் உண்டு. அதற்கேற்ப, பெண் ஒட்டகத்துக்கு ‘ஹல்’, சுமை ஒட்டகத்துக்கு ‘அவ்ர்’, கன்றுக்கு ‘நிரிக்’ என்று தனித்தனிச் சொற்கள் சோமாலியில் உள்ளன. அஃபார் பாலைவழியில் இருவர் எதிர்ப்பட்டால், எவ்வளவு அவசரமானாலும், ‘தாகு’ நடக்கும்: எங்கிருந்து வருகிறாய், எங்கே மழை பெய்தது, எந்தக் கிணற்றில் நீர் இருக்கிறது, யார் இறந்தார் என்று ஒருவர் கேட்க, மற்றவர் கண்டதையும் கேட்டதையும் வேறுபடுத்திச் சொல்வார். பொய் சொல்வது பெருங்குற்றம், ஏனெனில் அந்தச் செய்தியை நம்பித்தான் அடுத்தவர் மந்தையை ஓட்டிச் செல்கிறார்.

தென் எத்தியோப்பிய மலைநாட்டுச் சிடாமா, கெடியோ, ஹதியா மக்கள் வேளாண்குடிகள். அவர்களுடைய உயிர்ப்பயிர் ‘என்செட்’. பார்த்தால் வாழை என்றே சொல்வோம். ஆனால் உண்ணத்தகும் பழம் தராது. பல ஆண்டுகள் வளர்ந்த மரத்தைச் சாய்த்து, பெண்கள் அதன் மட்டைகளை மூங்கில் கருவியால் வழித்து, கிழங்கையும் கொத்திச் சேர்த்து, அதன் இலையிலேயே பொதிந்து குழியில் புதைத்துவிடுவார்கள். மாதக்கணக்கில் புளித்த மாவை எடுத்துப் பிழிந்து அடையாகச் சுடுவார்கள். மழை பொய்த்தாலும் குழியில் உணவு இருக்கும். கொன்சோ மக்கள் மலைச்சரிவுகளைக் கல் கட்டிய படிவயல்களாக்கியிருக்கிறார்கள்; இருபத்தொரு தலைமுறை உழைப்பான அந்நிலம் 2011-இல் உலக மரபுரிமைச் சின்னமானது.

இவர்களுடைய சமயம் என்ன?

சோமாலி, அஃபார், பெஜா, சாஹோ மக்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். ஓரோமோக்களில் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் பெருந்தொகையினர். இவற்றுக்கு அடியில், வானத்தையும் கடவுளையும் ஒருசேரக் குறிக்கும் ‘வாக்’ என்ற பழைய சொல் பல கிழக்குக் குஷிட்டிக் மொழிகளில் பொதுவாக இருக்கிறது. ஓரோமோக்களின் ‘வாகேஃபன்னா’ நெறியினர் இன்றும் வாக்கையே வணங்குகிறார்கள். மழைக்காலம் முடிந்ததும் இர்ரேச்சா நாளில் பசும்புல்லையும் மஞ்சள் பூவையும் நீரில் நனைத்து நன்றி சொல்கிறார்கள். முழுக்க முஸ்லிம் நாடான சோமாலியாவிலும் ‘ஆபுத்வாக்’ என்று ஓர் ஊர் இருக்கிறது. வாக்கை வணங்கு என்பதே அப்பெயரின் பொருள்.

‘ஹாமிய இனம்’ என்று பழைய நூல்கள் சொல்வது இவர்களைத்தானா?

ஆம், அந்தச் சொல்லை இனிப் பயன்படுத்தக் கூடாது. ஆப்பிரிக்காவில் காணும் நாகரிகம் எல்லாம் வடக்கிலிருந்து வந்த ‘ஹாமிய’ (விவிலியக் காமின் பெயரால் அழைக்கப்பட்ட) வெள்ளை இனத்தின் கொடை என்று 1930-இல் மானிடவியலாளர் செலிக்மன் போன்றோர் எழுதினார்கள். அதற்கு முன்பே, 1863-இல், ஸ்பீக் என்ற பயணி, ருவாண்டா வட்டாரத்தில் துட்ஸிகளைப் போன்ற ஆளும் குடிகள் எத்தியோப்பியாவிலிருந்து வந்தவர்கள் என்று ஊகித்திருந்தார். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மொழியியலாளர் ஜோசப் கிரீன்பர்க், ‘ஹாமிய மொழிகள்’ என்ற தனிப் பிரிவே இல்லை என்று மொழிச் சான்றால் காட்டினார். ஆனால் ஊகம் அதற்குள் அரசியலாகியிருந்தது. 1992-இல் ருவாண்டா அரசியல்வாதி ஒருவர், அந்நாட்டின் சிறுபான்மையினரான துட்ஸிகளை ஆற்றின் வழியே எத்தியோப்பியாவுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று மேடையில் பேசினார். 1994-இல் துட்ஸிகள் இனப்படுகொலைக்கு ஆளானபோது அந்த ஆறுகளில் பிணங்கள் மிதந்தன. துட்ஸிகளின் தாய்மொழி, பெரும்பான்மையினரான ஹுட்டுகளின் தாய்மொழியேதான். அது குஷிட்டிக் அன்று, நடு, தென் ஆப்பிரிக்காவெங்கும் பரவிய பாண்டு மொழிகளில் ஒன்று. மொழிக் குடும்பத்தை இரத்த உறவாகப் படிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று எனக்குத் தெரியாது.

அழிந்துவரும் குஷிட்டிக் மொழிகள் உண்டா?

பல. கென்யாவின் முக்கோகோடோ காட்டில் தேனெடுத்து வாழ்ந்த யாக்கு மக்கள், கால்நடை வளர்ப்புக்கு மாறியபோது அண்டையரான மாசாய் மொழிக்கும் மாறினார்கள்; சில முதியவரிடமே யாக்கு எஞ்சியது. துர்க்கானா ஏரிக்கரையில் மீன்பிடிக்கும் எல்மோலோ மக்கள் சம்புரு மொழி பேசுகிறார்கள். எத்தியோப்பியாவின் கிமந்த் முதியோர் மொழியாகிவிட்டது. டஹாலோவில், நாவைப் பல்லில் ஒட்டி எடுக்கும் ‘ச்’ கொட்டல் மெய்யொலியாகவே வருகிறது; அந்தப் பகுதியில் மிக அரிய ஒலி அது.

தான்சானியாவின் உசம்பரா மலைகளில் வாழும் ம்புகு மக்களின் நிலை வேறு. அவர்களுடைய இலக்கணம் பாண்டு மொழியினுடையதாக மாறிவிட்டது; ஆனால் பழைய குஷிட்டிக் சொற்களை விடாமல் அந்த இலக்கணத்துக்குள் பதித்துப் பேசுகிறார்கள். ஒரே மக்கள் ஒரே இலக்கணத்தில் பாண்டு, குஷிட்டிக் என இரண்டு சொற்றொகுதிகளை வைத்திருக்கிறார்கள். மொழியியலாளர் தொடர்ந்து ஆராயும் அரிய நிகழ்வு இது.

இப்பெயர்களைத் தமிழில் எழுதும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

இவர்களுடைய இலத்தீன் எழுத்தை ஆங்கிலம்போல் படிக்கக் கூடாது. சோமாலியில் ‘சி’ என்ற எழுத்து அரபியின் ‘ஐன்’ ஒலியைக் குறிக்கும். ஆகவே சி-யில் தொடங்கும் அந்தப் பெயர் ‘காலி’ அன்று, ‘அலி’. ‘எக்ஸ்’ என்ற எழுத்து அழுத்தமான ஹகரம். எக்ஸில் தொடங்குவது ‘ஹசன்’. இதே ஐன் ஒலியை அஃபார் மொழியில் ‘க்யூ’ எழுத்தால் எழுதுகிறார்கள். க்யூவில் தொடங்கினாலும் அம்மக்களின் பெயர் ‘கஃபார்’ ஆகாது, அஃபார்தான். ஓரோமோவிலோ அதே க்யூ தொண்டையை அடைத்து வெடிக்கும் ககரம். குபே, சீன்கே இரண்டிலும் உள்ளது அதுவே. சோமாலியில் ‘டி’யும் ‘எச்’சும் சேர்ந்து வந்தால் தமிழ் ‘ட’வுக்கு மிக நெருங்கிய ஒலி, மற்ற மொழியினர் திணறும் இந்த இடத்தில் தமிழருக்குத் தடையே இல்லை.

பழைய பயண நூல்களில் ஓரோமோக்களை ‘கல்லா’ என்றும் அஃபார்களை ‘தனகில்’ என்றும் காண்பீர்கள். இவை பிறர் இட்ட பெயர்கள். முதலாவது இழிசொல்லாகவே வழங்கியது. பழைய நூலிலிருந்து எடுத்தெழுதும்போதும் ஓரோமோ, அஃபார் என்றே எழுதுங்கள்.